கலிஃபோர்னியாவில் மியூசிக் பெர்ஃபார்மன்ஸ் அசோசியேட் டிகிரி: கல்லூரியை எதை வைத்துத் தேர்வு செய்வது?

சுருதிப்பெட்டி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சிறுவயது முதல் கர்நாடக வயலின். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் வாசிக்கிறாள். ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியும், ஆனால் வேகம் போதாது. நேரே நான்கு ஆண்டு இசைப் படிப்புக்கு ஆடிஷன் கொடுக்கும் நிலையில் இல்லை என்று அவளே சொல்கிறாள். அதனால் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு மியூசிக் பெர்ஃபார்மன்ஸ் அசோசியேட் டிகிரி படித்துவிட்டு, பிறகு பேச்சலர்ஸுக்கு மாறலாம் என்று யோசனை.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில். எச்-1பி வேலை விசா, குடும்பத்துக்கு எச்-4. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. காரில் போய்வரும் தூரத்தில் நான்கு கல்லூரிகள் இருக்கின்றன. நான்கின் இணையதளமும் படிக்க ஒரே மாதிரி இருக்கிறது. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? யாரிடம் என்ன கேட்பது?

---

நாலாம்_நரம்பு

பேச்சலர்ஸுக்கு மாறுவதுதான் நோக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் கணக்கை அந்த ஆடிஷன் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கம்யூனிட்டி காலேஜில் சேர ஆடிஷன் கிடையாது, யாரும் சேரலாம். நிஜமான ஆடிஷன் இரண்டாம் ஆண்டு நடுவில் வருகிறது. அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம். பல இடங்களில் அதோடு முன்தேர்வு வீடியோ. ஜனவரி முதல் மார்ச் வரை நேரடி ஆடிஷன். அதாவது இரண்டு ஆண்டு படிப்பு என்கிறோம், ஆடிஷன் அறைக்குள் நுழையும்போது முடிந்திருப்பது மூன்று செமஸ்டர்தான். வாசிக்கப்போகும் உருப்படிகளை முதல் ஆண்டு வசந்த செமஸ்டரிலேயே முடிவு செய்து, கோடையில் மனப்பாடம் ஆக்கிவிட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்து இழுத்துக்கொண்டு போகும் ஆசிரியர் இருக்கும் கல்லூரிதான் நல்ல கல்லூரி. கட்டடம், பெயர் எல்லாம் அப்புறம்.

அடுத்தது டிகிரியின் வகை. கலிஃபோர்னியாவில் நீங்கள் தேட வேண்டியது மியூசிக்கில் ஏ.ஏ.-டி, அதாவது டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி. 2010-இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, அதை முடித்தால் கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உறுதி கிடைப்பது அமைப்புக்குள் நுழைய மட்டும். நீங்கள் விரும்பும் வளாகத்தின் இசைத் துறைக்குள் நுழைய ஆடிஷன் தனியாகத் தேற வேண்டும். அதே கல்லூரியில் "கமர்ஷியல் மியூசிக்" என்று இன்னொரு அசோசியேட் டிகிரி இருக்கலாம். அது வேலைக்கான பயிற்சி. அதன் பாடங்களில் பல பேச்சலர்ஸில் மேஜர் பாடமாக ஒட்டாது. பெயர் ஒத்திருக்கிறதே என்று அதில் சேர்ந்துவிட வேண்டாம்.

ஏ.ஏ.-டியின் உள்ளே என்ன இருக்கும்? தியரி நான்கு செமஸ்டர், செவிப்பயிற்சி நான்கு, தனிப் பயிற்சி நான்கு, பெரிய குழுவில் வாசிப்பது நான்கு. எல்லாம் சேர்த்து சுமார் 22 யூனிட். பொதுக்கல்விப் பாடங்கள், இப்போது கால்-கெட்ஸி என்கிற பட்டியல், 34 யூனிட். மொத்தம் 60 வேண்டும். மிச்சம் இருக்கும் 4 யூனிட்டில் கிளாஸ் பியானோவைப் போட்டுவிடுங்கள். சில கல்லூரிகளில் பியானோ கட்டாயப் பட்டியலில் இருக்காது. ஆனால் மாறிப்போகும் இடத்தில் பியானோ தேர்வு பெரும்பாலும் இருக்கும்: ஸ்கேல்களை இரு கையாலும் வாசிப்பது, மெட்டுக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போடுவது, பார்த்தவுடன் வாசிப்பது, சுருதி மாற்றி வாசிப்பது. இதைத் தள்ளிப்போட்டால் பேச்சலர்ஸ் கடைசி ஆண்டில் கழுத்தைப் பிடிக்கும்.

இப்போது நான்கு கல்லூரிகளைப் பிரித்துப் பார்க்கும் வழி. இணையதளத்தின் விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு, பழைய வகுப்பு அட்டவணைகளைத் திறங்கள். கடந்த நான்கு செமஸ்டர் போதும். தியரி 3, தியரி 4 இரண்டும் உண்மையில் நடந்திருக்கின்றனவா? முதல் செமஸ்டரில் தியரி 1-க்கு வகுப்பறை நிறைய ஆள் இருக்கும். நான்காவதற்கு வரும்போது விரல்விட்டு எண்ணலாம். ஆள் குறைந்தால் கல்லூரி அந்த வகுப்பை ரத்து செய்துவிடும். தியரி 4 ஒரு முறை ரத்தானால் அடுத்த வாய்ப்பு ஓர் ஆண்டு கழித்துத்தான். சிறிய கல்லூரிகளில் தியரி 1 இலையுதிர் செமஸ்டரில் மட்டும் தொடங்கும். அதைத் தவறவிட்டு ஜனவரியில் சேர்ந்தாலும் இதே கதி. இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டாக நீள்வது பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால்.

பிறகு துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல். மகளே எழுதட்டும். கேட்க வேண்டியவை: வயலின் தனிப் பயிற்சி யார் தருகிறார், வாரத்துக்கு அரை மணியா ஒரு மணியா, அந்தக் கட்டணம் யூனிட் கட்டணத்துக்குள் அடங்குமா, தனிப் பயிற்சிக்குள் நுழைய ஆடிஷன் எப்போது, கடந்த மூன்று ஆண்டில் இங்கிருந்து வயலின் மாணவர்கள் எந்தெந்த இசைத் துறைக்குப் போனார்கள். கடைசிக் கேள்விக்கு ஊர்பேரோடு பதில் வந்தால் அந்தத் துறை தன் மாணவர்களைக் கவனிக்கிறது என்று அர்த்தம். "பலரும் நல்ல இடங்களுக்குப் போயிருக்கிறார்கள்" என்று வந்தால் அடுத்த கல்லூரிக்கு எழுதுங்கள்.

எந்தப் பாடம் எங்கே ஒட்டும் என்பதை அசிஸ்ட் தளத்தில் வளாகம் வாரியாகப் பார்க்கலாம். பட்டம் பெறுவோர் எண்ணிக்கைக்குக் கல்வித் துறையின் காலேஜ் நேவிகேட்டர் தளம். பெர்ஃபார்மன்ஸின் குறியீடு 50.0903, பொது இசை 50.0901. இரண்டையும் பாருங்கள், ஒரே படிப்பை வெவ்வேறு கல்லூரி வெவ்வேறு குறியீட்டில் பதிவு செய்யும். எண் சிறியதாக இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், டிகிரி வாங்காமலே மாறிப்போகிறவர்கள் இசையில் அதிகம்.

---

தனியாவர்த்தனம்

மேலே சொன்னது அத்தனையும் சரி. கர்நாடகப் பின்னணி என்பதால் நான் வாசிப்பு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் காலம் போவது அங்கேதான்.

கர்நாடக வயலினில் தரையில் உட்கார்ந்து, சுருள் தலையைப் பாதத்தில் வைத்துவிடுகிறோம். இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலையே இல்லை. அதனால் ஒன்றிரண்டு விரலால் நரம்பு நெடுக வழுக்கிப் போக முடிகிறது. மேற்கத்திய முறையில் தோளும் தாடையும் பிடிக்கின்றன. நான்கு விரலும் ஒரு சட்டமாக நின்று, அந்தச் சட்டமே பொசிஷன் பொசிஷனாக (நரம்பில் கை நிற்கும் இடம்) நகர வேண்டும். சுண்டு விரல் பலம் இல்லாமல் இருக்கும். அதைக் கட்டவே பல மாதம் ஆகும். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் இருப்பதால் அடிப்படை வந்திருக்கும். ஆனால் இரண்டாம் வயலின் பகுதியில் உயர் பொசிஷன் அதிகம் வராது. மூன்று ஸ்தாயி ஸ்கேல் கேட்கும்போது இது உடனே தெரிந்துவிடும்.

ஆடிஷனில் பொதுவாகக் கேட்பது: மூன்று ஸ்தாயி மேஜர், மைனர் ஸ்கேல்கள், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் படைப்புகளிலிருந்து ஒரு பகுதி, ஒரு கன்செர்ட்டோவின் (ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) முதல் பகுதி, பார்த்தவுடன் வாசிக்க ஒரு பக்கம். நம் பிள்ளைகள் சறுக்குவது மூன்று இடத்தில். ஒன்று விப்ராட்டோ. கமகம் பழகிய கை ஒரு ஸ்வரத்திலிருந்து பக்கத்து ஸ்வரம் வரை போய்வருகிறது. விப்ராட்டோவில் அலை குறுகலாக, சீராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவருக்குச் சுருதி தவறாகவே படும். இரண்டாவது வில். நாம் நீளமாக, நரம்பிலேயே ஒட்டி இழுக்கிறோம். அங்கே வில் துள்ள வேண்டும், வெட்ட வேண்டும். மூன்றாவது சுருதிச் சேர்க்கை. ஸா-பா-ஸா-பா என்று சேர்த்த வாத்தியத்தில் பழகிய விரலுக்கு ஜி-டி-ஏ-ஈ என்ற ஐந்தாம் இடைவெளிச் சேர்க்கையில் ஸ்கேலுக்கு ஸ்கேல் விரல் அமைப்பு மாறுவது பழக்கமில்லை. இரண்டு முறையையும் தொடர்வதானால் இரண்டு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயலினின் சுருதியைத் தினமும் இறக்கி ஏற்றினால் நரம்பும் நிற்காது, செவியும் குழம்பும்.

அவளுக்கு இருக்கும் பலத்தையும் சொல்ல வேண்டும். ஸ்வரம் கேட்டுச் சொல்லும் பிள்ளைக்கு, நகரும் 'டோ' முறையில் நடக்கும் செவிப்பயிற்சி வகுப்பு மிகவும் எளிது. 'டோ' என்பதே ஸா. ஆனால் சில கல்லூரிகள் நிலையான 'டோ' முறையில் நடத்துகின்றன. அங்கே 'டோ' என்றால் எப்போதும் சி ஸ்வரம்தான், ஸா எங்கே இருந்தாலும் சரி. கல்லூரியைத் தேர்வு செய்யும்போது இதையும் கேளுங்கள். மாறிப்போகும் வளாகமும் அதே முறையா என்று தெரிந்தால் இன்னும் நல்லது. தாளக் கணக்கு வந்த பிள்ளைக்கு ரிதம் டிக்டேஷன் (தாளத்தைக் கேட்டு எழுதுவது) ஒரு பொருட்டே இல்லை. கஷ்டம் ஹார்மனி டிக்டேஷனில்: நான்கு குரலில் போகும் கார்டு வரிசையைக் கேட்டு, கீழ்க்குரலை எழுதுவது. நம் காது மேலே இருக்கும் மெட்டை மட்டுமே பிடித்துப் பழகியது. இதற்கு மருந்து பியானோதான். இந்தக் கோடையிலேயே ஆரம்பியுங்கள்.

வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த சுருதி வாத்தியமான வயோலா பற்றியும் யோசிக்கலாம். வயலினுக்கு வரிசையில் நிற்பார்கள், வயோலாவுக்கு ஆள் தேடுவார்கள். வயோலாவுக்கு எழுதும் ஆல்ட்டோ கிளெஃப் குறிப்பைப் படிக்கப் பழகினால் போதும், அடிப்படைக் கைவேலை ஏறக்குறைய அதேதான். விருப்பமில்லாமல் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அந்த ஆழ்ந்த நாதம் அவளுக்குப் பிடித்துவிட்டால் வழி அகலமாகிறது.

இதைப் படிக்கும் மிருதங்க மாணவர்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெர்குஷன் ஆடிஷன் என்றால் ஸ்நேர் டிரம், மரிம்பா அல்லது ஸைலஃபோன், டிம்பனி. மிருதங்கத் திறமையைக் கூடுதலாகக் காட்டலாம், இவற்றுக்குப் பதிலாகக் காட்ட முடியாது.

---

கணக்குப்பிள்ளை_எல்ஏ

விசா, பணம் இரண்டையும் யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட் என்றால் 2,760 டாலர். சுகாதாரக் கட்டணம், பார்க்கிங், புத்தகம் தனி. வெளியாள் என்று வகைப்படுத்தினால் இது பல மடங்கு. எச்-4-இல் இருக்கும் பிள்ளை மாநிலவாசியாகக் கருதப்பட முடியும். ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்ததற்கான ஆதாரம் கேட்பார்கள்: மாநில வரி தாக்கல், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஆவணங்கள். விண்ணப்பப் படிவத்தில் விசா என்று போட்டவுடன் கணினி தானாக வெளியாள் என்று குறிக்கும் இடங்கள் உண்டு. முதல் பில்லைப் பார்த்துப் பதறாமல் சேர்க்கை அலுவலகத்தில் வசிப்பிட மறுவகைப்படுத்தல் படிவம் கேளுங்கள்.

ஃபாஃப்ஸா என்ற மாணவர் உதவி விண்ணப்பம் வழி வரும் மத்திய உதவி எச்-4-க்குக் கிடையாது. அதில் வரும் பெல் கிராண்ட் உதவித்தொகையை நம்பி யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் அது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கானது. தனியார் நன்கொடையில் நடக்கும் உதவிகளைத் தேடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜ் இசைத் துறைக்கு 2016-இல் ஹெர்ப் ஆல்பர்ட் அறக்கட்டளை 10.1 மில்லியன் டாலர் கொடுத்தது, இசை மேஜர் மாணவர்களின் கட்டணத்துக்காக. எந்தக் கல்லூரியிலும் இப்படி அறக்கட்டளை உதவி இருந்தால், எச்-4 மாணவருக்குப் பொருந்துமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இப்போது முக்கியமானது. எச்-4 இருபத்தொன்றாம் பிறந்தநாளோடு முடிகிறது. பதினெட்டில் கம்யூனிட்டி காலேஜ், இருபதில் டிரான்ஸ்ஃபர் என்றால், பேச்சலர்ஸின் நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். எஃப்-1 ஆனால் பெரும்பாலும் வெளியாள் கட்டணம். அப்போதிலிருந்து செலவு எகிறும். இந்த இரண்டு ஆண்டில் மிச்சம் பிடித்ததை அதற்கு ஒதுக்கி வையுங்கள். நாலாம்_நரம்பு சொன்ன அந்த "மூன்றாவது ஆண்டு" உங்களுக்கு இரட்டைச் செலவு, காரணம் இதுதான். குழந்தையின் வயதைப் பாதுகாக்கும் சட்டம் உங்கள் வழக்குக்கு எப்படிப் பொருந்தும் என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இசைக்கே உரியது. எச்-4 பிள்ளை சம்பளம் வாங்கி வாசிக்கக் கூடாது. கல்யாணம், சர்ச், ரெக்கார்டிங், சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன், எதற்கும் பணம் வாங்கக் கூடாது. சக மாணவர்கள் முதல் செமஸ்டரிலிருந்தே வெளியே வாசித்துச் சம்பாதிப்பார்கள். ஆசிரியரும் நல்லெண்ணத்தில் வாய்ப்பு கொண்டுவந்து கொடுப்பார். மகளுக்கு முன்கூட்டியே புரியவைத்துவிடுங்கள்.

---

சுருதிப்பெட்டி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இருபத்தொன்று வயது விஷயம் தெரியும், ஆனால் படிப்பின் அட்டவணையோடு சேர்த்து யோசிக்கவில்லை. தியரி 4 அட்டவணையை இன்று பார்த்தேன். நான்கில் ஒரு கல்லூரியில் அது இரண்டு ஆண்டாக நடக்கவே இல்லை!

ஒரு கேள்வி. ஹாலிவுட் பக்கம் தனியார் இசைக் கல்லூரிகள் அசோசியேட் டிகிரியே பெர்ஃபார்மன்ஸில் தருகின்றன. விளம்பரத்தில் நல்ல ஸ்டூடியோ, பெரிய பெயர்கள். செலவு அதிகம். அதில் ஏதாவது பலன் உண்டா?

---

நாலாம்_நரம்பு

உண்டு, வேறொரு மாணவருக்கு. 1977-இல் ஹாலிவுட்டில் கிட்டார் பள்ளியாகத் தொடங்கிய மியூசிஷியன்ஸ் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்கள் ராக், பாப், ஸ்டூடியோ வாசிப்பைத் தீவிரமாகச் சொல்லித் தருகின்றன. கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டு என்று போகிறவருக்கு, வேலைச் சந்தையும் அங்கேயே இருப்பதால், அது பொருள் உள்ள செலவு. கிளாசிக்கல் வயலினில் பேச்சலர்ஸுக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு அங்கே ஆர்கெஸ்ட்ரா வாசிப்பும் பொதுக்கல்விப் பாடங்களும் போதுமான அளவு கிடைக்காது.

எந்தத் தனியார் கல்லூரியானாலும் சேரும் முன் மூன்றைப் பாருங்கள். அங்கீகாரம் யார் தந்தது: நாஸ்ம் என்ற இசைக் கல்லூரிகளின் தேசியச் சங்கம் தந்ததா, பிராந்திய அங்கீகார அமைப்பு தந்ததா, இரண்டுமா? நாஸ்ம் இசைத் தரத்தைப் பார்க்கும். யூனிட்களை ஏற்பதா என்று முடிவு செய்யும்போது பல பல்கலைக்கழகங்கள் பிராந்திய அங்கீகாரத்தைத்தான் பார்க்கின்றன. இரண்டாவது, நீங்கள் குறிவைக்கும் வளாகம் இந்தக் கல்லூரியின் யூனிட்களை ஏற்குமா என்று அந்த வளாகத்திடமே கேட்பது. விற்கிற இடத்தில் கேட்டால் போதாது. மூன்றாவது நிதி நிலை. மினசோட்டாவின் செயிண்ட் பால் நகரில் மெக்னாலி ஸ்மித் என்ற இசைக் கல்லூரி 2017 டிசம்பரில், செமஸ்டர் முடியும் தறுவாயில், மூடுவதாக அறிவித்து சில நாட்களிலேயே மூடிவிட்டது. பாதிப் படிப்பில் இருந்த மாணவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. முழு ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டால், செமஸ்டர் வாரியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

---

தனியாவர்த்தனம்

கர்நாடக இசையையே மேற்கொண்டு படிப்பாளா என்ற எண்ணமும் இருந்தால்: கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960-களிலிருந்து நம் சங்கீதத்தைச் சொல்லித்தரும் இடம், டி. விஸ்வநாதனும் டி. ரங்கநாதனும் அங்கே கற்பித்தவர்கள். அது நான்கு ஆண்டு பி.ஏ., பிறகு மேற்படிப்பு. கம்யூனிட்டி காலேஜ் துறைகள் மேற்கத்திய கிளாசிக்கலையும் ஜாஸையும் மையமாக வைத்து அமைந்தவை. அதனால் இந்த இரண்டு ஆண்டும் வீட்டுக் குருவிடம் பாடம் தொடரட்டும், வாரம் ஒரு வகுப்பாவது. அதை விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது கடினம்.

---

கூடத்து_ஓரம்

நேரில் போய்ப் பார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. செமஸ்டர் கடைசி இரண்டு வாரத்தில் போங்கள். மாணவர் ரிசைட்டல்கள் (மேடை வாசிப்பு நிகழ்ச்சிகள்) அப்போதுதான், பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து கேட்கலாம். வயலின் மாணவர்களின் இரண்டாம் ஆண்டு வாசிப்பைக் கேட்டால் ஆசிரியரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். ஆர்கெஸ்ட்ராவையும் கவனியுங்கள். சில கல்லூரிகளில் மேடையில் பாதிப் பேர் ஊர்ப் பெரியவர்கள். அது கெடுதல் இல்லை, நன்றாக வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்வது பாடம்தான். ஆனால் அவர்கள் இல்லாமல் நரம்புப் பிரிவே இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

பயிற்சி அறைகளை மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள். எத்தனை அறை, வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், சனி ஞாயிறு திறப்பார்களா. பியானோக்களின் சுருதி எப்படி இருக்கிறது என்று நாலு கட்டை தட்டிப் பாருங்கள். துறையில் பணம் இருக்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

ஜூரி என்பது ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஆசிரியர் குழுவின் முன் வாசிக்கும் தேர்வு. அதற்குப் பியானோ துணை வாசிப்பவரைக் கல்லூரியே தருமா, நீங்களே பிடித்துப் பணம் கொடுக்க வேண்டுமா? கொடுக்க வேண்டும் என்றால் ஒத்திகைகளோடு சேர்த்து ஆண்டுக்கு இரண்டு முறை வரும் செலவு இது, பட்ஜெட்டில் சேருங்கள். டிரான்ஸ்ஃபர் ஆடிஷன் வீடியோவுக்கும் இதே ஆள் வேண்டும். நவம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள், ஆகஸ்டிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

யூனிட் எண்ணிக்கையை நம்பி நேரக் கணக்குப் போட வேண்டாம். ஆர்கெஸ்ட்ரா 1 யூனிட், ஆனால் வாரத்தில் மூன்று மணிக்கு மேல் போகும். 15 யூனிட் எடுக்கும் இசை மாணவி, பயிற்சியைச் சேர்க்காமலே, 15 யூனிட் எடுக்கும் மற்ற மாணவரைவிட நிறைய நேரம் வளாகத்தில் இருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பிலேயே இரட்டைச் சேர்க்கையில் (பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் எடுப்பது) கிளாஸ் பியானோவையும் ஒன்றிரண்டு பொதுக்கல்விப் பாடங்களையும் முடித்துவிட்டால் பின்னால் மூச்சுவிட இடம் கிடைக்கும். உங்கள் பள்ளியின் ஆலோசகர் கையெழுத்துப் போட வேண்டும். வசந்த செமஸ்டர் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள், இலையுதிர் பதிவு அப்போதே தொடங்கிவிடும்.